பெயிண்டில் ஒரு மயிரிழை விரிசல்

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் அறுத்த காடு ஒன்றில் ரிமோட்டில் பறக்கவிடும் என் கிளைடர் மாதிரி விமானம் பனைமரத்தில் மோதியது. அதைச் சரிசெய்து மறுபடி பறக்கவிட நவம்பர் ஆகிவிட்டது. இடையில் ஒருமுறை தவறான ரெசின் (ஃபைபர் துணியோடு சேர்ந்து இறுகும் பிசின்) பட்டு இறக்கையின் உள்பாகம் கரைந்துபோனது. இன்னொரு முறை, சரிசெய்துவிட்டேன் என்று நம்பி ஏற்றிய இறக்கை என் தலைக்கு மேலேயே மடிந்தது. கையை விட்டுப் போனது 10,850 ரூபாயும் ஒன்பது மாதத்து விடுமுறை நாட்களும். நம் பக்கத்தில் தெர்மாகோல் விமானம் பறக்கவிடுபவர்கள் ஏராளம், பால்சா என்ற லேசான கட்டையில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஃபைபர், கார்பன் இறக்கை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அப்போது கேட்க ஆள் இல்லை. அடுத்து உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன விமானம் என்று சொல்லிவிடுகிறேன். செக் நாட்டில் செய்தது, மோட்டார் இல்லாதது, இரண்டரை மீட்டர் இறக்கை, எடை ஒன்றரைக் கிலோ. பழையதாக வாங்கினேன். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து 46,000 ரூபாய் ஆனது. இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம். இறக்கை இரண்டு துண்டு, ஒரு கார்பன் கம்பி நடுவில் நுழைந்து இரண்டையும் இணைக்கும். உள்ளே நீல நிறத்தில் கெட்டியான நுரை இருக்கும். கட்டடத்தில் வெப்பம் தடுக்கப் போடும் பலகை போன்றது அது. அதன் மேலே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல். நுரைக்குள் மேலும் கீழுமாக இரண்டு கார்பன் பட்டைகள், அவற்றுக்கு நடுவே பால்சா கட்டையால் ஒரு சுவர். இந்தப் பட்டைகளும் சுவரும் சேர்ந்ததுதான் ஸ்பார். இறக்கையின் முதுகெலும்பு அதுதான். கதை முழுக்க இதைச் சுற்றித்தான் வரும், அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோதியதற்குக் காரணம் நான்தான். பருந்து ஒன்று சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது, அங்கே தெர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று, இருக்கிறது என்று அதன் பின்னாலேயே போனேன். காற்று போகும் திசையில் வெகுதூரம் போய்விட்டது, உயரமும் குறைந்துவிட்டது. திரும்பி வரும்போது காற்றை எதிர்த்து வர முடியாமல் வலது இறக்கை பனையில் பட்டது. விமானம் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, அறுத்த தட்டையின் மேல் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வலது இறக்கையில், உடம்போடு சேரும் அடியிலிருந்து சுமார் 70 செ.மீ. தள்ளி, முன்விளிம்பு ஒரு கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. தோல் கிழிந்து நீல நுரை தெரிந்தது. உடம்புப் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானே என்று மூச்சு வந்தது. வண்டியில் வைக்கும்போது இறக்கையின் மேல்பக்கம், அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தடவினேன், தட்டுப்படவே இல்லை. பெயிண்ட்தான் வெடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த நொடியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, ஃபைபர் வேலை தெரிந்த ஆளிடம் கொடுப்பது. தண்ணீர்த் தொட்டி, கதவு, பஸ்ஸின் முன்பக்கம் எல்லாம் செய்யும் பட்டறை ஒன்று தெரியும். கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் அனுபவசாலிதான், தூக்கிப் பார்த்துவிட்டு, “சின்ன வேலைதானுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. உள்ளே என்ன நுரை, அவர் என்ன ரெசின் போடுவார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாயங்காலம் போனபோது மேலே தடிமனான ஃபைபர் பாய் ஒட்டி, தேய்த்து, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. 1,500 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் வந்து ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினேன். தோல் உள்ளே போனது. இறக்கையை ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. மறுநாள் ஒட்டை வெட்டித் திறந்தேன். முன்விளிம்புக்குள் உள்ளங்கை அளவுக்குக் குகை. சுற்றிலும் நுரை உருகிப் பாகாகிக் காய்ந்திருந்தது.

காரணம் எளிது, தெரியாதவரைக்கும்தான் புதிர். அந்த மாதிரிப் பட்டறைகளில் பயன்படுத்துவது பாலிஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கும். அந்தக் கார நெடி அதனுடையதுதான். நீல நுரையும் நம் வெள்ளைத் தெர்மாகோலும் பாலிஸ்டைரீன். அதாவது ஸ்டைரீனிலிருந்தே செய்தவை. ஸ்டைரீன் பட்டால் சர்க்கரையில் தண்ணீர் பட்டது போலக் கரையும். இன்னொன்று, இறக்கையின் தோல் எபாக்சி என்ற வேறு வகை ரெசினால் ஆனது, உலர்ந்த எபாக்சியின் மேல் பாலிஸ்டர் சரியாகப் பிடிக்காது. என் ஒட்டின் ஓரத்தைக் கத்தியால் நெம்பியதும் பாதிக்கு மேல் ஸ்டிக்கர் போல உரிந்து வந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அப்புறம் யோசித்தால், தொட்டிக்கு அவர் செய்வது சரியான வேலை. இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆகவே முதல் விஷயம் இது: எபாக்சி தவிர வேறு எந்த ரெசினும் இந்த இறக்கையைத் தொடக் கூடாது. அதோடு தின்னர், பெட்ரோல், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம், சாதாரண உடனடிப் பசை, ஸ்பிரே பெயிண்ட் எல்லாமே நுரையைத் தின்னும். தோல் கிழியாத இடத்தில் ஆபத்தில்லை, ஆனால் ஊசிமுனை ஓட்டை இருந்தாலே உள்ளே போய்விடும். திறந்த இடத்தைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

சரி, இனி நானே செய்வது என்று இறங்கினேன். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் எபாக்சி இரண்டு. பொறியியல் கல்லூரிகளில் புராஜெக்டுக்கு வாங்கும் எல்ஒய் 556 ரெசினும் அதை இறுக வைக்கும் எச்ஒய் 951 ஹார்டனரும் ஒரு ஜோடி. எல் 12 ரெசினும் கே 6 ஹார்டனரும் இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: எடையில் 100 பங்கு ரெசினுக்கு 10 பங்கு ஹார்டனர். படிக்க எளிதாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு வேலைக்குத் தேவை 10 கிராம் ரெசின். அதற்கு ஹார்டனர் 1 கிராம். வீட்டுச் சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. சொட்டு எண்ணி ஊற்றினேன். மூன்று நாள் ஆகியும் பிசுபிசுவென்று இருந்தது. மறுபடி சுரண்டி எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நகை நிறுக்கும் சின்னத் தராசு, 0.01 கிராம் வரை காட்டும், 600 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வேலையில் நான் வாங்கியவற்றில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது அது. ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடினாலும் குறைந்தாலும் ரெசின் பலவீனமாகத்தான் இறுகும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். புட்டியில் எழுதியிருக்கும் நேரம் 25 டிகிரியை வைத்து எழுதியது. ஏப்ரல் மதியம் என் மொட்டைமாடி அறையில் 30 கிராம் கலந்து டம்ளரில் வைத்தேன், கால் மணி நேரத்தில் டம்ளர் சுட்டு, புகைந்து, கட்டியாகிவிட்டது. எபாக்சி இறுகும்போது வெப்பம் விடும், ஒரே குவியலாக இருந்தால் அந்த வெப்பமே அதை இன்னும் வேகமாக இறுக வைக்கும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும். விடியற்காலையில் செய்வது இன்னும் நல்லது. கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். முதல் இரண்டு முறை வெறுங்கையால் செய்து, விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும் வந்து மருத்துவரிடம் போனேன். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் வரும் என்றார். கார்பனைத் தேய்க்கும்போது வரும் கறுப்புத் தூளுக்கு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போடுங்கள்.

முன்விளிம்பைச் சரிசெய்த விதம் எனக்கு இன்றும் திருப்தியானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கெட்ட நுரையை நல்ல நுரை வரும்வரை சதுரமாக வெட்டி எடுத்தேன். அதே வகை நீல நுரைத் துண்டை, கொஞ்சம் பெரிதாகவே, எபாக்சியால் ஒட்டினேன். ரெசினோடு கண்ணாடி நுண்குமிழித் தூள் கலந்தால் பசை எடை குறையும், பிறகு தேய்ப்பதும் எளிது. காய்ந்ததும் நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றி, இரண்டு பக்கமும் நல்ல தோலைத் தொட்டபடி தேய்த்து வடிவம் கொண்டுவந்தேன். கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் பள்ளம்தான் விழும். அப்புறம் சுற்றியுள்ள பழைய தோலைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். தோலின் தடிமனைப் போல் 20 முதல் 50 மடங்கு அகலத்துக்கு அந்தச் சாய்வு இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் தோல் அரை மி.மீ.கூட இல்லை, அதனால் 15 மி.மீ. சாய்வு தாராளம். அதன் மேல் சதுர மீட்டருக்கு 49 கிராம் எடையுள்ள ஃபைபர் துணி இரண்டு அடுக்கு, ஒன்றைவிட மற்றொன்று சற்றுப் பெரிதாக. படகுக்குப் போடும் 200 கிராம் துணியைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். மெல்லிய துணி நேரில் கிடைக்காமல் இணையத்தில்தான் வாங்கினேன்.

மேற்பரப்பு வழவழப்பாக வர ஒரு வழி உண்டு. ஸ்டேஷனரிக் கடையில் ஓஎச்பி ஷீட் (புரொஜெக்டருக்குப் போடும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள்) கேளுங்கள், இன்னும் சில கடைகளில் இருக்கிறது. அதில் மெழுகு பூசித் துடைத்து, ஈரத் துணியின் மேல் வைத்து, முன்விளிம்பைச் சுற்றி இழுத்து டேப்பால் ஒட்டிவிட வேண்டும். ஷீட் தானாகவே வளைந்து முன்விளிம்பின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் ரெசின் ஓரத்தில் பிதுங்கி வந்துவிடும். மறுநாள் உரித்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். அதை உரித்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒட்டு எங்கே என்று என் மனைவியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அடிப்பகுதியில் இருந்த மயிரிழைக் கோட்டின் மேலும் ஒரு பட்டை ஃபைபர் துணி ஒட்டி, வெள்ளை பெயிண்ட் அடித்தேன்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, காற்று கிளம்புவதற்கு முன் போனோம். என்னோடு என் மகள் வந்தாள், அவளுக்கு 10 வயது. என் விமானம் ஏறுவது ரப்பர் கயிற்றில்தான். 30 மீட்டர் ரப்பர் குழாய், அதோடு 100 மீட்டர் நைலான் கயிறு, இழுத்து விட்டால் பட்டம் போல ஏறும். முழுசாக இழுத்தால் ரப்பர் 7 கிலோ இழுக்கும், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் அளந்திருக்கிறேன். அதாவது ஒன்றரைக் கிலோவைத் தாங்கிப் பறக்கும் இறக்கை, ஏறும்போது மட்டும் கிட்டத்தட்ட எட்டரைக் கிலோவைத் தாங்க வேண்டும். விட்டேன். அழகாக ஏறியது. பாதி உயரத்தில் “டப்” என்று ஒரு சத்தம், சுள்ளி முறிவது போல. “அப்பா, ரெக்கை மடங்குது!” என்று அவள் கத்தினாள். வலது இறக்கை மேல்நோக்கி மடிந்து, விமானம் சுழன்றுகொண்டே வந்து விழுந்தது. முறிந்த இடம் அந்த மயிரிழைக் கோடு. நான் பெருமைப்பட்ட முன்விளிம்பு ஒட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். விற்றுவிடலாமா என்று யோசித்தேன், முறிந்த கிளைடரை யார் வாங்குவார்கள்? என் மகள்தான், “உள்ளே என்ன உடைஞ்சதுன்னு பார்க்கவே இல்லையேப்பா” என்றாள். எடுத்து வந்து, மருந்துக்கடையில் வாங்கிய 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடால் மேல்தோலை மூடி போல ஒரே துண்டாக வெட்டித் திறந்தேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

பனைமரத்தில் அடிபட்டது வெளிப்பக்கம். ஆனால் இறக்கை ஒரு நெம்புகோல். வெளியே படும் மோதலின் வளைப்பு முழுவதும் உடம்புப் பக்கத்து அடிக்குத்தான் வந்து சேரும். அங்கே இணைப்புக் கம்பி எந்த இடத்தில் முடிகிறதோ, அந்த இடத்தில்தான் விறைப்பு திடீரென்று குறைகிறது. என் கோடு இருந்தது சரியாக அங்கேதான். மேலே இருந்த கார்பன் பட்டை பால்சா சுவரிலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. அந்த இடத்தில் பசை பழைய தூசி படிந்து மங்கலாக இருந்தது, முறிந்த இடம் மட்டும் புதிதாக மின்னியது. பிப்ரவரியிலேயே விட்டுப்போயிருக்கிறது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும், கீழ்ப்பட்டை இழுபடும், மேல்பட்டை அமுக்கப்படும். கார்பன் இழுத்தால் தாங்கும், அமுக்கினால் வளைந்து நெளியப் பார்க்கும். அதை நெளியவிடாமல் பிடித்திருப்பது அந்தச் சுவரும் பசையும்தான். பிடி விட்டால், ஓலைப்பாயைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்துவது போலத்தான். அதனால் மேல்பக்கத்தில் குறுக்காக ஓடும் எந்தக் கோட்டையும், எவ்வளவு மெலிதாக இருந்தாலும், பெயிண்ட் என்று எண்ணிவிடாதீர்கள். நான் மேலே ஒட்டிய ஃபைபர் பட்டையால் பயனே இல்லை. கார்பன் இழை ஃபைபர் துணியில் இருக்கும் கண்ணாடி இழையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது. கார்பன் முறியும்வரை அதன் மேல் இருக்கும் கண்ணாடி இழைக்குச் சுமையில் பெரிய பங்கே வராது.

உடைந்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று இப்போது என்னைக் கேட்டால், பசையை எடுப்பதற்கு முன் ஒரு முழு மாலையைத் தேடுவதற்கே ஒதுக்கச் சொல்வேன். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அடியிலிருந்து நுனிவரை, ஒரு விரல் இடைவெளியில், மேலும் கீழும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் “டிக் டிக்” என்று கெட்டியாகக் கேட்கும், தோல் விட்ட இடம் “தொப்” என்று மந்தமாகக் கேட்கும். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல இறக்கையிலும் அதே இடத்தில் தட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் காது சீக்கிரம் பழகிவிடும். பெயிண்ட் மெல்லிசாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைத் தோலோடு ஒட்டிப் பிடியுங்கள், விட்ட இடம் வெளுத்துத் தெரியும். அப்புறம் அடியையும் நுனியையும் தாங்க வைத்து, நடுவில் கையால் மெதுவாக அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள். கிறீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் திறந்து பார்க்க வேண்டியதுதான். நுனியில் அடிபட்டிருந்தால் அடிப்பக்கத்தின் பின்விளிம்பையும், உடம்போடு பொருத்தும் முளையையும் பாருங்கள், நுனி பின்னால் போகும்போது அந்த மூலைதான் உடம்பில் போய் நசுங்கும்.

ஸ்பாரைக் கட்டியது ஜூலை முதல் அக்டோபர் வரை. பெரும்பகுதி நேரம் பொருளுக்காகக் காத்திருந்தது. முறிந்த பட்டையின் இரண்டு முனைகளையும் 80 மி.மீ. நீளத்துக்குச் சாய்வாகத் தேய்த்தேன், பட்டையின் தடிமன் 1 மி.மீ.தான். அதன் மேல் 12,000 இழை கொண்ட கார்பன் நூல், மேல்பட்டைக்கு 14, கீழ்ப்பட்டைக்கு 10. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டவில்லை. மிக நீளமானது 300 மி.மீ., குட்டையானது 120 மி.மீ. எல்லா நூலும் ஒரே இடத்தில் முடிந்தால் அந்த இடமே அடுத்த முறிவிடம் ஆகிவிடும். நூல் நேராகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் நெளிந்தாலும் அமுக்கத்தில் பயன்படாது. நடுச் சுவருக்கு வைத்த பால்சாவின் நார் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், இறக்கையின் நீளவாக்கில் அல்ல. முதல் துண்டை நான் நீளவாக்கில்தான் வெட்டினேன், நல்லவேளை ஒட்டுவதற்குமுன் கவனித்தேன். சுவரின் இரண்டு பக்கமும் மெல்லிய ஃபைபர் துணியை இழை 45 டிகிரியில் சாயும்படி ஒட்டி, பட்டையும் சுவரும் பிரியாதபடி மொத்தத்தையும் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை நூலால் சுற்றினேன். அப்புறம் வெட்டி எடுத்த தோல் மூடியைத் திருப்பி வைத்து ஒட்டி, ஓரங்களில் துணி போட்டு, அதே ஓஎச்பி ஷீட்.

இதில் ஒட்டுவதைவிடக் கடினம் நேராக வைப்பது. இறக்கைக்கு நுனிப்பக்கம் லேசான திருகல் இருக்கும், அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் விமானம் நேராகப் போகும். நேரான இரண்டு மரச்சட்டங்களை ஒன்று அடியிலும் ஒன்று நுனியிலும் குறுக்காக டேப்பால் ஒட்டி, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு சட்டங்களும் எவ்வளவு சாய்ந்து தெரிகின்றன என்பதை நல்ல இறக்கையில் அளந்துகொண்டு, அதே சாய்வுக்கு உடைந்த இறக்கையைத் தாங்கு கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் ரெசினைக் கலக்க வேண்டும். சமையலறை கிரானைட் மேடையைவிட நேரான இடம் என் வீட்டில் இல்லை, இரண்டு நாள் சமையல் ஹாலில்தான் நடந்தது. அதற்குப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கு நன்றி சொல்லாமல் இதை எழுத முடியாது.

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி வெயிலில் கிடந்தால் மறுபடி இளகும் என்பது பலருக்குத் தெரியாது. மூடிய கார் வெயிலில் எவ்வளவு சுடும் என்பது நமக்குத் தெரியும். அதைக் குறைக்க, ஒரு நாள் முழுக்க இறுகியபின் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கையை வைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் படாமல் மாட்டி, தெர்மாமீட்டர் வைத்து, 50 டிகிரியைத் தாண்டாமல் 8 மணி நேரம் சூடு காட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தனியே விட்டுப் போகக் கூடாத வேலை அது. உப்புத்தாள் போடுவதற்கு முன் மேற்பரப்பைத் தண்ணீரும் பச்சை ஸ்கிரப்பும் வைத்துக் கழுவுங்கள். மழைக்காலத்தில் இந்த ஹார்டனர் மேலே மெழுகு போல ஒரு படலம் விடும், அதன் மேல் எது ஒட்டினாலும் பிடிக்காது.

கடைசியில் எடை, இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். வலது இறக்கை முன்பு 318 கிராம், இப்போது 332. கூடிய 14 கிராமில் 9 கிராம் அடிப்பக்கம், நடுவிலிருந்து 15 செ.மீ.யில், 5 கிராம் முன்விளிம்பில், 70 செ.மீ.யில். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 485. இடது நுனி 125 செ.மீ.யில் இருக்கிறது, வகுத்தால் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இடது நுனியில் 4 கிராம் ஈயம் வைத்தேன், சரியாகிவிட்டது. 14 கிராமுக்கு 14 கிராம் வைக்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு: பட்டறைக்கு 1,500. ரெசின், துணி, தராசு 2,950. கார்பன் நூல், கெவ்லார், பால்சா 2,600. விழுந்ததில் பல் போன இரண்டு சர்வோ (விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்) 3,800. பிப்ரவரியில் அந்தக் கோட்டைத் திறந்து பார்த்திருந்தால், சுவரையும் பட்டையையும் சேர்த்து ஒட்டுவதோடு வேலை முடிந்திருக்கும். சர்வோவும் போயிருக்காது, கார்பன் நூலும் தேவைப்பட்டிருக்காது.

பறக்கவிடும் முன் ஒன்று செய்தேன், இதை எல்லாருமே செய்யலாம். விமானத்தைத் தலைகீழாக, உடம்பை மட்டும் தாங்கி நிறுத்தி, அரைக் கிலோ அரிசிப் பொட்டலங்களை இறக்கை மேல் அடுக்கினேன். அடிப்பக்கம் அதிகம், நுனிப்பக்கம் குறைவாக, ஒரு பக்கத்துக்கு 5 கிலோ. என் மகள் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துத் தந்தாள். கடைசிப் பொட்டலத்தை வைக்கும்போது இருவருமே பேசவில்லை. இடது நுனி 62 மி.மீ. தாழ்ந்தது, வலது நுனி 58. எந்தச் சத்தமும் வரவில்லை. எடுத்ததும் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பின.

நவம்பரில் மழை விட்ட ஒரு காலை, அதே காடு. முதலில் ரப்பரைக் கால்வாசி இழுத்து, அப்புறம் பாதி, மூன்றாவதாகத்தான் முழுசாக விட்டேன். மேலே போய்க் கயிறு கழன்றபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம் இருந்தது. இதுவரை 31 முறை ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறை இறங்கியதும், இணைப்புக் கம்பி முடியும் இடத்தில் என் மகள் நாணயத்தால் தட்டிக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பைக்குள் வைக்கிறேன்.